அன்று நான் போட்ட இரண்டு மாத்திரை

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் உள்ள நினைப்பு. நீ அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த காது மெஷின் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் நான் திட்ட ஆரம்பித்ததும் அப்பா அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார், பிறகு நான் சுவரைப் பார்த்துத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்காவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் வரவில்லை. பெரிய மெஷினுக்குப் புது மோட்டார் போட்டாயிற்று. என்னடா இது, அம்மா போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறாளே என்று நீ யோசிப்பாய். போனில் சொல்லத்தான் நேற்று மூன்று தடவை கூப்பிட்டேன், நீ அம்மா என்று சொன்னதும் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை, நான் என்ன யானையாம்மா, ஒரே நாள்ல எத்தன தடவ சாப்பிடுவேன் என்று நீயே கேட்டாய். சாப்பாட்டைக் கேட்பதற்காக நான் கூப்பிடவில்லை கண்ணு. வாய் வரவில்லை, அதனால் கையால் எழுதுகிறேன்.

போன வாரம் நீ கேட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில். உன் நர்சிங் கல்லூரியில் இந்த வருஷம் பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு முன்னால் உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னாய். படித்த இடத்திலேயே டீச்சராகி அதே மேடையில் ஏறப் போகிறாய், கேட்டதும் எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல் மாணவியாக நீ அந்த மேடையில் என்னைப் பற்றிப் பேசியதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கும் சொல்லப் போகிறாய் என்றும், எழுதி வைத்திருந்த தாள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது, பாதிதான் ஞாபகம் வருகிறது என்றும் சொன்னாய். உனக்கு வரிக்கு வரி மனப்பாடமா இருக்கும்லம்மா, தல நிமிர முடியாம அழுதுக்கிட்டே கேட்டவளாச்சே, அப்படியே எழுதி அனுப்பிடு என்றாய். நான் உடனே சரி கண்ணு, அனுப்புறேன் என்றேன். அந்தச் சரி என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எழுதவும் எழுதினேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மறுநாளே கடையில் அளவு எழுதும் நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். என் அம்மாவின் மெஷின் சத்தத்தில்தான் நான் தூங்கினேன், அந்தச் சத்தத்தில்தான் படித்தேன், அவள் விரலில் ஊசி ஏறிய அன்றும் எனக்குச் சீருடை தைத்து முடித்துவிட்டுத்தான் கட்டுப் போட்டுக்கொண்டாள் என்றெல்லாம் நன்றாகத்தான் வந்தது. முடித்துவிட்டு ஒரு தடவை படித்தேன். படிக்கப் படிக்கக் காது சூடாகிவிட்டது. என்னை நானே புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், கூச்சநாச்சம் இல்லாமல். பாதி மறந்துபோன உனக்கு அது பொய் என்று தெரியப்போவதில்லை, நீ அதை எடுத்துக்கொண்டு மேடையேறி இருநூறு பிள்ளைகளுக்கு முன்னால் கண்கலங்கிப் படிப்பாய். அதை நினைத்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று நீ பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. நான் அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பப் படித்துப் பார்க்காதே, சரியாகத்தான் படித்தாய். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன். ஏன் என்று சொல்கிறேன், சொன்னால் குற்றம் குறைந்துவிடும் என்பதற்காக இல்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

எனக்குப் பஸ் ஆகாது என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு ஆகாது என்பதை மட்டும் நான் மறைத்தே வைத்திருந்தேன். மெஷினில் பத்து மணி நேரம் குனிந்து உட்காருவேன், ஒன்றும் செய்யாது. பஸ்ஸில் ஏறி டீசல் வாடை மூக்கில் ஏறினால் போதும், ஒரு வளைவு திரும்புவதற்குள் வயிறு வாய்க்கு வந்துவிடும். உனக்குப் பன்னிரண்டு வயதில் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க உன்னைக் கூட்டிக்கொண்டு போனேனே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் நின்றவருடைய செருப்பு மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அவர் கத்தினார், கண்டக்டர் பழைய பேப்பரைத் தூக்கி எறிந்தார், பின்னால் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீ மெதுவாக எழுந்து முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். இறங்கும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. உன் மேல் தப்பே இல்லை, அந்த வயதில் நானாக இருந்தால் பஸ்ஸைவிட்டே இறங்கியிருப்பேன். ஆனால் அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன், இனி உன்னைச் சேர்ந்தவர்கள் யார் முன்னாலும் இப்படி நடக்கக் கூடாது என்று. அந்த வைராக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது.

உன் பட்டமளிப்புக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மருந்துக்கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் வாந்தி வராமல் இருக்க மாத்திரை கொடுத்தார், பஸ் ஏறுறதுக்கு அரை மணி ஒரு மணி முன்னாடி ஒண்ணே ஒண்ணு போடுங்க, வாந்தி வந்தப்புறம் போட்டுப் பிரயோஜனம் இல்ல, தூக்கம் வரும், பரவாயில்லயா என்று தெளிவாகத்தான் சொன்னார். தூக்கமா, எனக்கா, சீருடை மாதத்தில் நான் தூங்கி நீங்க பார்த்திருக்கீங்களா என்று பெருமையடித்துவிட்டு வந்தேன். காலையில் மாத்திரையைப் போடவில்லை. முதல் நாலு மணி நேரம் ரோடு நேர் ரோடுதானே, வளைவு வரும்போது போட்டுக்கொள்ளலாம், இப்போதே எதற்கு வீணாக்க வேண்டும் என்று என் சாமர்த்தியம். வளைவு வந்தது, போட்டேன், அடுத்த வளைவிலேயே மாத்திரை முழுசாக வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழு மணி நேரம். அப்பா ஒரு கையில் பிளாஸ்டிக் கவரும் இன்னொரு கையில் என் நெற்றியுமாகப் பிடித்துக்கொண்டே வந்தார், பாவம், தகரப் பட்டறையில் முப்பது வருஷம் தகரத்தைப் பிடித்த கை, கொஞ்சம் அழுத்தமாகத்தான் பிடிக்கும். சாயங்காலம் லாட்ஜில் போய்ப் படுத்தபோது கட்டில்கூட ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் உங்கள் கல்லூரிக்கு மலை மேலே வேனில் போக வேண்டும், இருபத்திரண்டு வளைவு என்று லாட்ஜ்காரர் ஏதோ பெருமையாகச் சொன்னார். அதே வேனில் உன் தோழிகளுடைய அப்பா அம்மா எல்லாரும் வருகிறார்கள். என் தொழில் புத்தி உனக்குத் தெரியும், சட்டையில் கை குழி, கால்சட்டையில் கவட்டி என்று துணி இழுபடும் இடம் எதுவாக இருந்தாலும் ஒரு தையலை நான் நம்பமாட்டேன், மேலேயே இன்னொன்று ஓட்டிவிடுவேன். அதே புத்தியில் மாத்திரையும் இரண்டாகப் போட்டேன். ஒன்று பிரிந்தாலும் ஒன்று தாங்கும் என்று நினைத்தேன். துணிக்குச் செய்வதை வயிற்றுக்குச் செய்தேன். நீ நர்சு, இதைப் படிக்கும்போது பல்லைக் கடிப்பாய் என்று தெரியும், கடித்துக்கொள். அன்றே உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உனக்குப் பட்டம் கொடுக்கும் நாளில் உன் அம்மாவுக்கு வாந்தி மாத்திரை எத்தனை என்று கேட்பதா என்று வெட்கப்பட்டேன்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது, குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வளைவிலும் ஒரு ஏப்பம்கூட வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டியில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே மரம் இருப்பதைப் பார்த்தேன். அப்பாவிடம்கூடச் சொன்னேன், பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல என்று. மண்டபத்தில் உட்கார்ந்ததும் நாக்கு வறண்டு மேலே ஒட்டிக்கொண்டது, தண்ணீர் குடித்தேன். சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்தார். கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொள்வோம், மகள் வரும்போது திறந்துகொள்வோம் என்று நினைத்தது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அப்பா தொடையில் கிள்ளினபோது எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். விழா முடிந்திருந்தது.

நடுவில் நடந்ததை அன்று சாயங்காலம்தான் அப்பா சொன்னார். நீ மேடைக்கு வந்தாயாம். ரொம்ப நேரம் பேசினாயாம். அப்போது அவருக்குக் காது மெஷினும் கிடையாது, உன் வாய் அசைவதைத்தான் பார்த்தார். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று எங்கள் பக்கம் கையைக் காட்டியிருக்கிறாய், மண்டபமே திரும்பிப் பார்த்திருக்கிறது. அப்பா என்னிடம், நான் என்ன செய்வேன், உன் வாய் வேற திறந்து கிடந்துச்சு, இடிச்சுப் பாத்தேன் அசையல, சட்டுனு என் கைக்குட்டைய எடுத்து உன் கையில திணிச்சு மூஞ்சியில வச்சுட்டேன், அம்மா அழுவுறான்னு எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன் என்றார். ஒருத்தருக்குக் கேட்கவில்லை, ஒருத்தி விழித்திருக்கவில்லை, எங்களைப் பார்த்துத்தான் நீ அத்தனையும் பேசியிருக்கிறாய். இதைச் சொல்லும்போது அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

அதுகூடப் பரவாயில்லை கண்ணு, தூக்கம் என் கையில் இல்லை. என் கையில் இருந்தது அதற்குப் பிறகு நடந்தது. நீ மெடலோடு ஓடி வந்து என் கன்னத்தைப் பிடித்து, அழுதியாம்மா, நான் பேசுனதக் கேட்டு அழுதியா என்று கேட்டாய். என் கண் தூக்கத்தில் சிவந்து வீங்கியிருந்தது. இல்லடி, தூங்கிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் தலையை ஆட்டினேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அந்த அழுகையை நான் திருடித்தான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு பொய்யைச் சொன்னவள் அதோடு நிற்பாளா. ஊருக்கு வந்து கடையில் அளவு கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன், மேடையில் என் மகள் என்னைப் பற்றிப் பேசினாள் என்று. என்ன பேசினாள் என்று கேட்பார்கள் இல்லையா? வாயில் வந்ததைச் சொன்னேன். ஒருத்தியிடம் மெஷின் சத்தம், இன்னொருத்தியிடம் விரலில் ஏறிய ஊசி, ஒரு டீச்சரிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன், அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே போனார். காஜா அக்காதான் ஒரு நாள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டாள், ஏன்க்கா, போன வருஷம் நீங்க சொன்னப்ப உங்க பொண்ணு பேச்சுல ஊசி இடது கையில ஏறுச்சு, இப்ப வலது கைக்கு வந்துருச்சே என்று. அன்றோடு அந்தக் கதையை நிறுத்தியிருக்க வேண்டும். அவளிடம் இரண்டு கையிலும் ஏறியது என்று சொன்னேன்.

இதையெல்லாம்கூட நீ சிரித்துவிட்டு விட்டுவிடுவாய். ஒன்று மட்டும் அப்படி விட முடியாது, அதை எழுதத்தான் பேனா இவ்வளவு சுற்றுகிறது. ஒன்பது வருஷமாக நான் உன் வீட்டுக்கு வரவில்லை. வேலையில் சேர்ந்தபோது கூப்பிட்டாய், வீடு மாறியபோது கூப்பிட்டாய், ஆர்டர் இருக்கிறது என்றேன். உனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோதும் அப்பா தனியாகத்தான் வந்தார், சீருடை முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று போனில் அழுதேன். சீருடையைக் காஜா அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன், பஸ்ஸிலும் ஏறி உட்கார்ந்தேன். மாத்திரை போட்டால் நீ கண்ணைத் திறக்கும்போது நான் தூங்கிக் கிடப்பேன், போடாவிட்டால் ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் முன்னால் நாறிப்போய் வந்து நிற்பேன். வண்டி கிளம்பும் முன்னால் இறங்கிவிட்டேன். அப்பா ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் நாலு நாள் சாப்பிடவில்லை என்று எழுதினால் அதுவும் அனுதாபம் தேடுவதாகிவிடும், சாப்பிட்டேன், வேலையும் செய்தேன். மகள் வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள், தையல்காரி தன் வயிற்றைப் பற்றி யோசித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தை நேராகப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நோட்டுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டதும் மருந்துக்கடைக்குப் போனேன். இப்போது அவருடைய மருமகள் கடையைப் பார்க்கிறது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், அந்தப் பெண் சிரிக்கவில்லை, தங்கமான பிள்ளை. இதுவும் சளிக்கு, அரிப்புக்கு எல்லாம் கொடுக்கிற மாத்திரை ஜாதிதான்ம்மா, அதான் தூக்கம், ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு வாந்தி நிக்காது, தூக்கந்தான் கூடும், உங்க வயசுக்கு ஒண்ணே ஜாஸ்தி, பிரஷர் மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா, கண்ணுல ஏதும் பிரச்சனை இருக்கா, டாக்டரக் கேட்டுட்டு வாங்க என்றது. டாக்டரையும் கேட்டுவிட்டேன், ஒன்று போடலாம், ஆனால் அன்று முழுக்க மெஷின் பக்கம் போகாதீர்கள் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒன்று போட்டுப் பார்த்தேன், எனக்கு எவ்வளவு நேரம் தூக்கம் பிடிக்கிறது என்று அப்பாவைக் கடிகாரம் பார்க்கச் சொன்னேன். மெஷின் பக்கம் போகாதே என்றால் போவேனே தவிர நான் கேட்டவளா, ஒரு சட்டையை எடுத்து வைத்தேன். எழுந்து பார்த்தால் நாலரை மணி நேரம் ஆகியிருந்தது, சட்டையின் இடது கை உள்வெளியாகத் தைத்துக் கிடந்தது. ஒரு மாத்திரைக்கே இந்தக் கூத்து.

ஆகையால் இப்படிச் செய்யப்போகிறேன். உன் விழாவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே நாங்கள் கிளம்புகிறோம், அப்பா டிக்கெட் போட்டுவிட்டார், டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரே ஒரு மாத்திரை, நேரம் தவறாமல் போட்டுக்கொள்கிறேன், வழியெல்லாம் தூங்கி வந்து உன் வீட்டில் மறுநாள் முழுக்கத் தூங்கித் தெளிந்துகொள்கிறேன். விழா அன்று காலையில் மாத்திரை கிடையாது. நீ தினமும் போய் வரும் அந்த இருபத்திரண்டு வளைவையும் வெறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழிப்பாகவே ஏறி வருவேன். வாந்தி வந்தால் வரட்டும், கவர் எடுத்து வருகிறேன், மாற்றுச் சேலையும் எடுத்து வருகிறேன். உன்னோடு வேலை செய்கிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும், உன் மாணவிகள் மூக்கைப் பிடித்தால் பிடிக்கட்டும், நீ வேண்டுமானால் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். நாறினாலும் பரவாயில்லை, இந்தத் தடவை கேட்காமல் விடமாட்டேன்.

உன்னிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான், கேட்கும் யோக்கியதை இல்லாவிட்டாலும் கேட்கிறேன். அன்றைக்கு என்னைப் பற்றி என்ன சொன்னாய்? பதில் எழுதாதே, போனிலும் சொல்லாதே. ஞாபகம் இருக்கும் பாதியை மட்டும் மேடையில் சொல், மறந்துபோன பாதிக்கு நானாக ஒரு வரிகூடத் தரமாட்டேன். இதைப் படித்த பிறகு அந்தப் பாதியையும் சொல்லத் தோன்றவில்லை என்றால் வேறு எதையாவது பேசு, அம்மா பேச்சையே எடுக்காதே, அதையும் நான் முழுசாகக் கேட்டுவிட்டு வருவேன். அப்பாவும் இந்தத் தடவை காது மெஷினைக் கழற்றமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாமல் இரு, மூன்றாவது நாள் பேசிவிடு. சாப்பிடாமல் மட்டும் இருக்காதே. நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், நீ தொட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்க வேண்டும், உன்னிடம் படித்த பிள்ளைகள் உன்னைவிட நன்றாக வர வேண்டும். மழைக்காலம், தலையைத் துவட்டாமல் வேனில் ஏறாதே. மறக்காமல் எங்களுக்கு மூன்றாவது வரிசையிலேயே இடம் சொல்லி வை, மின்விசிறிக்குக் கீழே மட்டும் வேண்டாம். மேடையிலிருந்து நீ என்னைப் பார்க்கும்போது என் தலை குனிந்திருந்தால் தூங்குகிறேன் என்று நினைத்துப் பயந்துவிடாதே, அன்றைக்கு நான் நிஜமாகவே அழுதுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் பேச்சை இன்னும் கேட்காத
உன் அம்மா